மொச்சையும் கருவாடும்

பிரேசில் என்றதும் நம் மாணவர்களுக்குக் காற்பந்து நினைவுக்கு வரும். சிலருக்குக் காப்பி நினைவுக்கு வரும். அந்நாட்டு மக்கள் தங்கள் தேசிய உணவென்று பெருமையோடு விருந்தினர் முன் வைக்கும் குழம்பு ஒன்றும் உண்டு. 'ஃபெய்ஜோவாடா' என்பது அதன் பெயர். கறுப்புப் பயற்றையும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியையும் ஒரே பானையில் இட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து, சோற்றோடு உண்பார்கள். அதன் செய்முறையைக் கேட்டால், 'இதுபோன்ற ஒன்றை நாமும் அறிவோமே' என்ற எண்ணம் எழும். ஆம், செங்கற்பட்டிலிருந்து கிழக்கே மாமல்லபுரம் வரையிலும், அங்கிருந்து கடலோரமாகச் சதுரங்கப்பட்டினம் வரையிலும் உள்ள எத்தனையோ வீடுகளில் கொதிக்கும் மொச்சைக் கருவாட்டுக் குழம்புதான் அது. அங்கே இறைச்சி, இங்கே மீன். அடிப்படை ஒன்றே: உலர்ந்த பயறு, உப்பிட்டுக் காய்ந்த ஊன், பொறுமையான அடுப்பு.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் தங்கள் குழம்பை ஊரறிய உண்கிறார்கள். நம்மில் பலர் நம் குழம்பைக் கதவைச் சாத்திக்கொண்டு உண்கிறோம். நம் குழம்பை முறையாக ஆக்குவது எப்படி, அதன் ஒவ்வொரு படியிலும் நிகழ்வது என்ன, அதை நாம் மறைத்து உண்ண வேண்டிய தேவை உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடலுக்கு அப்பால்

ஃபெய்ஜோவாடா என்னும் சொல், பயற்றைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்தது. கறுப்புப் பயற்றுடன் பன்றியின் காது, வால், கால், விலா ஆகியவற்றையும், உப்பிட்டுக் காயவைத்த மாட்டிறைச்சியையும், புகையூட்டிய கொத்துக்கறிக் குழலையும் சேர்ப்பர். பூண்டு, வெங்காயம், பிரிஞ்சி இலை ஆகியவை மணம் தருவன. வெள்ளைச் சோறு, வதக்கிய கீரை, வறுத்த மரவள்ளி மாவு, ஆரஞ்சுச் சுளை ஆகியவை உடன் வரும். ரியோ நகரில் சனிக்கிழமை ஃபெய்ஜோவாடா நாள். சாவோ பாவ்லோ நகரில் புதன்கிழமையும் சனிக்கிழமையும்.

கரும்புத் தோட்டத்து ஆப்பிரிக்க அடிமைகள், ஆண்டைகள் கழித்துப்போட்ட காதையும் வாலையும் பயற்றோடு வேகவைத்து உண்டதே இக்குழம்பின் தொடக்கம் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பிரேசிலில் அடிமை முறை 1888-இல்தான் ஒழிந்தது என்பதை நினைத்தால், இக்கதை மக்கள் மனத்தில் ஏன் வேரூன்றியது என்பது விளங்கும். ஆனால் காமரா கஸ்கூடோ என்னும் பிரேசில் அறிஞர், 1967-இல் வெளிவரத் தொடங்கிய தம் உணவு வரலாற்று நூலில் இதனை ஏற்கவில்லை. பயற்றையும் இறைச்சியையும் ஒன்றாக வேகவைப்பது ஐரோப்பியரின், சிறப்பாகப் போர்த்துக்கீசியரின், பழைய வழக்கம் என்பது அவர் முடிவு. பயறு அமெரிக்க மண்ணுக்குரியது. சமைக்கும் முறை ஐரோப்பாவினது. அடுப்படியில் நின்ற கைகளோ பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெண்களின் கைகள். மூன்றும் கூடி ஒரு நாட்டின் உணவாயிற்று.

இக்குழம்பு நம் நாட்டுக்கும் அயலன்று. 1510 முதல் 1961 வரை போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவில், ராஜ்மாப் பயற்றையும் காரமும் புளிப்பும் கலந்த பன்றிக் கொத்துக்கறிக் குழலையும் சேர்த்துச் சமைக்கும் குழம்பு இதே பெயரால் இன்றும் வழங்குகிறது. நம் கரையிலும் அவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறினார்கள். அவர்களுடைய கப்பல்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய், மரவள்ளி, முந்திரி, அன்னாசி ஆகியவற்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தன. அதற்குமுன் நமக்குக் காரம் தந்தது மிளகு. மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலால் மிளகாய் எனப் பெயரிட்டோம். மிளகாய் இல்லாத கருவாட்டுக் குழம்பை இன்று எண்ணிப்பார்க்க முடியுமா? அந்த வகையில் நம் சட்டியிலும் அமெரிக்கக் கண்டம் கொஞ்சம் கொதிக்கிறது.

தொண்டை நாட்டுப் பழமை

மிளகாய் பின்னர் வந்ததாயினும், பயறும் உலர்மீனும் நம் மண்ணில் மிகப் பழையவை. காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலத்தார் வரகுச் சோற்றோடு அவரை விதையின் புழுக்கலைச் சேர்த்து விருந்தளிக்கும் செய்தி வருகிறது. சிறுபாணாற்றுப்படையில், எயிற்பட்டினத்துப் பரதவர் வீடுகளில் உலர்ந்த குழல்மீனின் சூட்டைப் பாணர்கள் பெறுவார்கள் என்று கூறப்படுகிறது. எயிற்பட்டினம் என்பது நம் மாவட்ட எல்லைக்குத் தெற்கேயுள்ள மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அவரையும் மொச்சையும் தாவரவியலில் ஒரே இனம்; லாப்லாப் பர்பூரியஸ் என்பது அதன் பெயர். காயாக உண்பதற்கு ஏற்ற வகையை அவரை என்றும், விதைக்காக வளர்க்கும் வகையை மொச்சை என்றும் வழங்குகிறோம். எனவே உள்நாட்டார் பயறும் கடலோரத்தார் உலர்மீனும் விருந்தாக வழங்கப்பட்டமைக்கு இரண்டாயிரம் ஆண்டை ஒட்டிய இலக்கியச் சான்று நமக்கு உண்டு. விருந்தினர்க்கு இட்ட உணவு அது என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டும் ஒரே சட்டியில் சேர்ந்தமைக்குக் காரணம் எளிது. மொச்சை பனிக்காலத்துப் பயிர்; மார்கழி, தை மாதங்களில் பச்சையாகக் கிடைக்கும்; காயவைத்தால் ஆண்டு முழுவதும் இருக்கும். மீனோ ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் கொந்தளிக்கும். மீன்வளத்தைக் காக்கும் பொருட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடையும் உண்டு. கிடைக்கும்போது சேர்த்து வைத்தவன் கிடைக்காதபோது பசியாறுவான். மொச்சை நிலத்தின் சேமிப்பு. கருவாடு கடலின் சேமிப்பு.

தேவையான பொருள்கள்

நால்வருக்குப் போதுமான அளவு பின்வருமாறு:

உலர்ந்த மொச்சை 125 கிராம் (ஏறத்தாழ ஓர் ஆழாக்கு), நெத்திலிக் கருவாடு 75 கிராம், சிறிய கத்திரிக்காய் 5, சின்ன வெங்காயம் 15, பூண்டுப் பல் 10, தக்காளி 2, புளி ஓர் எலுமிச்சை அளவு, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, தாளிக்க வடகம், அல்லது கடுகும் வெந்தயமும், கறிவேப்பிலை ஒரு கொத்து. உப்பைப் பட்டியலில் சேர்க்கவில்லை. காரணம் பின்னர் வரும்.

மொச்சையைப் பதப்படுத்தல்

மொச்சையை வெறும் சட்டியில் மணம் வரும்வரை இலேசாக வறுத்து, முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஊறினால் போதும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை கழுவி, புதிய நீரில் வேகவைக்க வேண்டும். திறந்த பானையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். குக்கரில் நான்கைந்து விசில். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும்; ஆனால் உரு கலையக் கூடாது.

ஊறிய நீரைக் கொட்டுவது ஏன்? மொச்சையில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரைகள் உள்ளன. இவற்றைச் சிதைக்கும் நொதி நம் குடலில் இல்லை. அவை பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகி வாயுவை உண்டாக்குகின்றன. 'மொச்சை வாய்வு' என்று பெரியோர் கூறுவது இதனையே. ஊறிய நீரோடு இச்சர்க்கரைகளில் ஒரு பகுதி வெளியேறிவிடும். வேகாத மொச்சையில் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களும், சிறிதளவு சயனைடு தரக்கூடிய சேர்மங்களும் உண்டு. ஊறவைத்து, நீரை வடித்து, நன்கு வேகவைத்தால் அந்த அச்சமில்லை. அரைவேக்காட்டு மொச்சையை மட்டும் உண்ணலாகாது.

எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் சில சமயம் மொச்சை கல்லாகவே நிற்கும். கடைக்காரர் மீது குறை சொல்வதற்குமுன் கிணற்று நீரையும் சற்று நோக்க வேண்டும். விதையின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைப்பது பெக்டின் என்னும் பொருள். அது கரைந்தால்தான் பயறு மென்மையாகும். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினை இறுக்கிவிடுகின்றன. கடினமான கிணற்று நீரில் வேகாத பயறு, மழைநீரில் எளிதில் வெந்துவிடுவதற்குக் காரணம் இதுவே. வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த பழைய மொச்சையும் இவ்வாறே வேக மறுக்கும்.

'உப்புப் போட்டால் பயறு வேகாது' என்ற கருத்தும் ஆராயத்தக்கது. ஒரு லிட்டர் நீருக்கு 15 கிராம் தூள் உப்பு என்ற கணக்கில் கலந்து ஊறவைத்தால் மொச்சையின் தோல் விரைவில் மென்மையாகிறது. சோடியம் அயனிகள் தோலிலுள்ள கால்சியத்தை இடம்பெயர்த்து, பெக்டினைத் தளர்த்துவதே காரணம். ஊறிய நீரைக் கொட்டிவிடுவதால் குழம்பில் உப்பு மிகாது. பயற்றை வேகவிடாமல் தடுக்கும் உண்மையான பொருள் புளி. அமிலத்தில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. ஆகவே, மொச்சை முழுவதும் வெந்த பிறகே புளிக்கரைசலைச் சேர வேண்டும். வேதியியல் அறியாத நம் பாட்டிமார்கள் மொச்சையைத் தனியே வேகவைத்துப் பின்னர்க் குழம்பில் இட்டதன் நுட்பம் இது.

கருவாட்டைப் பதப்படுத்தல்

மீனில் உப்பைச் சேர்த்து வெயிலில் உலர்த்தும்போது அதிலுள்ள நீர் குறைகிறது; எஞ்சிய நீரையும் உப்புப் பற்றிக்கொள்கிறது. நீரின்றி நுண்ணுயிர்கள் பெருக முடியாது. அதனால்தான் கருவாடு கெடாமல் இருக்கிறது. உப்பிட்ட ஆட்டிறைச்சியைக் கயிற்றில் கோத்து உலர்த்தும் உப்புக்கண்டமும் இதே முறையில் ஆனதே. பிரேசிலின் உலர்ந்த மாட்டிறைச்சிக்கு நேர் உறவு அதுதான்.

நெத்திலியின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மூன்று நான்கு முறை அலச வேண்டும். உப்பில் ஒரு பகுதியும் மணலும் நீங்கிவிடும். மணலில் நேரே உலர்த்திய கருவாட்டில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. தரையிலிருந்து உயர்ந்த வலைப்பரணில் உலர்த்திய கருவாடு தூய்மையானது. வாங்கும்போது ஈரப்பசையும் பூஞ்சையும் செந்நிறத் திட்டுகளும் இல்லாததாகப் பார்த்து வாங்குவது நன்று.

குழம்பு கூட்டுதல்

மண்சட்டியில் நல்லெண்ணெயைக் காயவைத்து, வடகத்தைப் போட்டுச் சிவக்கவிட்டு, கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றை வதக்க வேண்டும். பின்னர்த் தக்காளியைச் சேர்த்துக் கரையும்வரை வதக்கி, கத்திரிக்காயையும் தூள்வகைகளையும் சேர்க்க வேண்டும். தூள் கருகுவதற்குமுன் புளிக்கரைசலை ஊற்றிப் பச்சை வாசனை போகும்வரை பத்து, பன்னிரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். இப்போது வெந்த மொச்சையைச் சேர்க்கலாம். ஒரு கரண்டி மொச்சையை மசித்துச் சேர்த்தால் குழம்பு தானே கெட்டிப்படும். இறுதியில் நெத்திலியை இட்டு, கரண்டியால் கிளறாமல் சட்டியைச் சற்று அசைத்து, ஏழெட்டு நிமிடம் சிறுதீயில் வைத்து, எண்ணெய் மேலே மிதந்து வந்ததும் இறக்கிவிடலாம்.

உப்பைப் பற்றி இப்போது கூறலாம். கருவாடு வெந்து, தன்னிடமுள்ள உப்பைக் குழம்புக்குக் கொடுத்த பிறகு ஒரு துளியைச் சுவைத்துப் பார்த்து, தேவையானால் மட்டும் உப்பிட வேண்டும். பெரும்பாலும் தேவைப்படாது.

புளிக்கு இங்கே இன்னொரு பணியும் உண்டு. கடல்மீன் பழையதாகும்போது டிரைமெத்தில் அமீன் என்னும் சேர்மம் உண்டாகிறது. மீன்வாடை என்று நாம் கூறுவதற்குப் பெருமளவு காரணம் இதுவே. இது ஒரு காரம். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் இதனோடு கூடி ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு என்று முதலாண்டு வகுப்பில் படிக்கும் பாடம் சட்டியிலேயே நிகழ்கிறது. நன்றாகக் கொதித்த குழம்பில் வாடை அடங்கி மணம் எழுவது இதனால்தான்.

இக்குழம்பு மறுநாள் இன்னும் சுவைக்கும். இரவு முழுவதும் உப்பும் புளிப்பும் காரமும் மொச்சையின் உள்ளே ஊடுருவுகின்றன. ஃபெய்ஜோவாடாவும் மறுநாளே சிறந்தது என்று பிரேசில் மக்கள் கூறுவர். பழைய சோற்றுக்கு இதைவிட ஏற்ற துணை இல்லை. ஆனால் எடுத்து வைத்த குழம்பை மீண்டும் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

பிரேசில் குழம்பையே வீட்டில் ஆக்கிப்பார்க்க விரும்புவோர் கறுப்புப் பயற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடைகளில் கிடைக்கும் ராஜ்மா அதே இனத்தைச் சேர்ந்தது. அதனை இரவு முழுதும் ஊறவைத்து, நீரை மாற்றி, முதலில் பத்து நிமிடமேனும் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும்; இல்லையேல் அதிலுள்ள லெக்டின் என்னும் புரதம் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். பன்றியிறைச்சி உண்போர் அதனை உள்வரை நன்கு வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டில் நாடாப்புழு தொற்றும் அபாயம் உண்டு. உண்ணாதோர் உப்புக்கண்டத்தை இட்டு ஆக்கலாம். மரவள்ளியும் ஆரஞ்சும் நம் சந்தையிலேயே இருக்கின்றன.

சத்தும் எச்சரிக்கையும்

100 கிராம் உலர்ந்த மொச்சையில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் உள்ளது. பயற்றுப் புரதத்தில் மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலம் குறைவு, லைசின் மிகுதி. அரிசியில் லைசின் குறைவு; மெத்தியோனைன் போதிய அளவு உண்டு. சோற்றையும் மொச்சையையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. பிரேசில் தொழிலாளியின் தட்டில் சோறும் பயறும் அன்றாடம் சேர்ந்திருப்பதும் இக்காரணத்தால் நன்மையே தருகிறது. நெத்திலியை முள்ளோடு உண்பதால் கால்சியமும் கிடைக்கிறது. பயற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் சி துணைசெய்யும். ஆரஞ்சுச் சுளை அவர்களுக்கு அப்பணியைச் செய்கிறது. உணவுக்குப்பின் ஒரு கொய்யாப்பழம் நமக்குச் செய்யும்.

இத்தனை நன்மைக்கும் இடையே ஓர் எச்சரிக்கை தேவை. நாள் ஒன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதுமென்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகிறது. கருவாட்டை எவ்வளவு அலசினாலும் உப்பு ஓரளவு தங்கவே செய்யும். இரத்த அழுத்தம் உள்ளோரும் சிறுநீரக நோயுற்றோரும் இதனை அன்றாட உணவாகக் கொள்ளலாகாது. கருவாட்டைக் குறைத்து மொச்சையைக் கூட்டினால் மற்றவர்க்கும் நல்லது, செலவும் குறையும்.

கதவைத் திறப்போம்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சத்திலோ சுவையிலோ பழமையிலோ நம் குழம்பு குறைந்ததன்று. எனினும் 'கருவாடு சமைப்பீர்களா?' என்று கேட்டு, ஆம் என்றால் வீடு தர மறுப்போர் உண்டு. மதிய உணவு வேளையில், பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பாரோ என்றஞ்சி, பாத்திரத்தின் மூடியைப் பாதி திறந்து உண்ணும் மாணவரும் உண்டு. வெறுக்கப்படுவது வாடை மட்டுமென்றால், அதைப் புளியும் நெருப்பும் அடக்கிவிடும். ஒருவன் எந்தத் தெருவினன், எந்தத் தொழிலினன், எந்தச் சாதியினன் என்பதை அந்த வாடையைக் கொண்டு கணக்கிடும் மனத்தை எந்தப் புளியும் கரைக்காது. அதற்குக் கல்விதான் வேண்டும். கல்லூரியில் பயிலும் நாமே அதனைச் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

கழிவு இறைச்சியில் பிறந்ததென்று கதை வழங்கிய குழம்பையே ஒரு நாடு தன் உணவென்று தலைநிமிர்ந்து கூறியது. விருந்துணவாக இலக்கியமே பதிவு செய்த ஒன்றை நாம் ஒளித்து உண்கிறோம். உண்ணாதவர் உண்ண வேண்டுமென்று யாரும் வற்புறுத்தவில்லை. மரக்கறி உண்போரின் விருப்பமும் மதிக்கத்தக்கதே. உண்பவரை இழிவாக நோக்காதிருத்தல் ஒன்றே வேண்டுவது.

கோவளத்திலும் கொக்கிலமேட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கொளுத்தும் வெயிலில் மீனைப் பரப்பி, புரட்டி, மேகம் கறுத்தால் ஓடிவந்து அள்ளிக் காக்கும் பெண்களின் உழைப்பு அந்தக் கருவாட்டில் இருக்கிறது. ஒரு மழை பெய்தால் அவர்களது பல நாள் பாடு மண்ணாகிவிடும். அவ்வுழைப்பில் விளைந்த உணவை உண்பதில் நமக்கு நாணம் எதற்கு? அடுத்த முறை மொச்சைக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவரும் நண்பர், மூடியை முழுவதுமாகத் திறந்து வைக்கட்டும். அருகில் இருப்போர் ஒரு பிடி கேட்டு வாங்கி உண்ணட்டும்.